கழுவினால் போகிற புலி

"சுவரு பேசக் கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிழைக்க வந்த மலையாள மண்ணில், கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறை. இருபது லிட்டர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே என் மகள் தர்ஷினி. ஆறு வயது. என் பழைய வேலைச் சட்டையைக் கணுக்கால்வரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சின்ன பிரஷோடு நிற்கிறாள். அவள் பெயின்டர். நான் சுவர்.

சுவர் நன்றாக இருந்தால் பெயின்டருக்குப் பேச்சு குறையும். இந்தச் சுவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதனால் முனகிக்கொண்டேதான் வேலை செய்தாள்.

"இங்க ஒரு குழி. இங்க ஒரு வெடிப்பு. எந்தா அப்பா இது, தாடையில முழுக்க முள்ளு! அடுத்த வாட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டு வரணும், கேட்டோ."

"ஷேவ் பண்ணிட்டு வாரேன்."

"சுவரு பேசக் கூடாதுன்னு சொன்னேனில்ல?"

நெற்றி நீலமாகிவிட்டது. வலது கன்னம் மஞ்சள். மூக்கு மட்டும் ஏனோ பச்சை. இடது கன்னத்துக்காக அவள் பிரஷை நனைத்த நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எடேய், உள்ள இருக்கியா? சாரு வந்திருக்காரு, வெளிய வா."

எங்கள் கான்ட்ராக்டர் ஸ்டீபன் அண்ணன். நாகர்கோவில்காரர். விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்தபடி வீடு வைத்திருக்கும் ஒரு சார், போகிற வழியில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுவதாக ஏற்பாடு. அது மறுநாள் என்று நினைத்திருந்தேன்.

என் கை தானாகத் தோளில் கிடந்த ஈரத்துண்டுக்குப் போனது. ஒரு முறை அழுத்தித் துடைத்தால் போதும், எல்லாம் போய்விடும். அந்தக் கலர் அப்படிப்பட்டது.

"காயல," என்றாள் தர்ஷினி. மெதுவாகத்தான் சொன்னாள். அவள் கண் என்மேல் இல்லை, துண்டின்மேல் இருந்தது.

அந்தக் கலர்ப் பெட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞாயிறு தவறாமல் என் முகத்தில் கலர் அடித்தாள். தன் முகத்தில் ஒரு புள்ளிகூட வைத்துக்கொள்ளவில்லை. முன்பு ஒரு நாளைக்கு நாலு வேஷம் போட்ட பிள்ளை அவள். அதைக் கெடுத்தவன் நான். கெடுத்ததைச் சரிசெய்ய வேண்டும் என்பது தவிர, அந்த நாட்களில் எனக்கு வேறு எந்த வேலையும் பெரிதாகத் தெரியவில்லை.

எப்படிக் கெடுத்தேன் என்பதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கிறேன். ஸ்டீபன் அண்ணன் கொஞ்சம் வெளியே நிற்கட்டும். என்னை எத்தனையோ வெயிலில் நிறுத்தியவர்தான்.

பெயின்டர் வீட்டில் கலருக்கா பஞ்சம்?

தர்ஷினி எனக்குத் தாமதமாகப் பிறந்தவள். பேச்சில் என்னைக் கொண்டு பிறக்கவே இல்லை. நான் ஒரு வாரத்தில் பேசுவதை அவள் பல் தேய்க்கும்போதே பேசிவிடுவாள். அதுவும் அவளாக இருந்து பேச மாட்டாள். கண்டக்டராக இருந்து பேசுவாள், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஓமனச் சேச்சியாக இருந்து பேசுவாள், பல்லியாக இருந்துகூடப் பேசியிருக்கிறாள்.

வேஷத்துக்குக் கையில் கிடைத்ததை எல்லாம் பூசுவாள். மஞ்சள்தூள், பற்பசை, என் மனைவி செல்வியின் கண்மை. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, செல்வி ஒருநாளும் போடாத லிப்ஸ்டிக் ஒன்று இருந்தது. அது ஒரே நாளில் தீயணைக்கும் வண்டியாக ஓடித் தீர்ந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டாள்.

"அப்பா, மேகாகிட்ட ஒரு மேக்கப் பெட்டி உண்டு. குட்டிங்க கலர். எட்டு கலர். கழுவினாப் போகும். எனக்கும் வேணும்."

"ஆறு வயசுல மேக்கப்பா? நல்லாத்தான் இருக்கு," என்றாள் செல்வி.

நான் சிரித்தேன். "பெயின்டர் வீட்டுல கலரைக் கடையில போயி வாங்குவாங்களா?" என்றேன். வீட்டில் நான் நிமிர்ந்து பேசுகிற விஷயம் இது ஒன்றுதான். அதிலேயே சறுக்கினேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட ஒரு நாள். மழையில் வெளிச்சுவர் வேலை கிடையாது என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். ஒரு ஓட்டலில் காய் நறுக்கும் வேலைக்குப் போகிறவள் செல்வி. அவள் கிளம்பிவிட்டாள்.

"என்ன வேஷம் வேணும் மக்கா?"

"புலி."

மீந்துபோன எமல்ஷன் என் வீட்டில் எப்போதும் இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்குகிற பெயின்ட்தானே என்று நினைத்தேன். வெள்ளையில் மஞ்சள் சாயம் சில சொட்டு, சிவப்பு ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். அருமையான புலி நிறம் வந்தது. இதனால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக என் இரண்டு கையும் இதற்குள்தான் கிடக்கின்றன, ஒரு கொப்புளம் வந்ததில்லை, கையே சாட்சி என்று முடிவு செய்தேன். பெயின்டர் கையில் இருப்பது தோல் அல்ல, தார்ப்பாய் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முறைப்படிதான் செய்தேன். முதலில் முகத்தைத் துணியால் துடைத்தேன். ஒரு கோட்டு அடித்தேன். மழை ஈரத்தில் காயத் தாமதமாயிற்று. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே வைத்தேன். காய்ந்ததும் இரண்டாம் கோட்டு. அதன்மேல் கறுப்பு வரிகள்.

"அப்பா, இழுக்குது."

"காயும்போது இழுக்கத்தான் செய்யும்."

கட்டிலுக்கடியில் புகுந்து உறுமினாள். ஓமனச் சேச்சியின் பூனை ஒரே தாவில் மாடிக்குப் போய்விட்டது. நல்ல புலி. அரை மணி நேரம் ஓடியது.

"அப்பா, புலி மதி, போதும். இனி கண்டக்டர்."

தண்ணீரால் கழுவினேன். போகவில்லை. சோப்பு போட்டேன். போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தபோது, ஓதம் ஏறிய சுவரில் உரிவதுபோலச் செதில் செதிலாக உரிந்து வந்தது. கூடவே புருவ முடியும் வந்தது. பிள்ளை அலறினாள். அடியில் இருந்த தோல் சிவந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இமை இரண்டும் வீங்கத் தொடங்கின.

சத்தம் கேட்டு ஓமனச் சேச்சி இறங்கி வந்தார்.

"என்டே தெய்வமே! குட்டிக்கு எந்து பற்றி?"

"பெயின்ட்டு... சேச்சி..."

"பெயின்டோ? சுவத்துல அடிக்கிற பெயின்டோ? அண்ணாச்சிக்கு தலைக்கு வல்ல அசுகமும் உண்டோ, கிறுக்கோ?"

அவரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வெகுநேரம் உட்கார்ந்து, பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எனக்கு என்ன வேலை என்று இடையில் கேட்டார். பெயின்டிங் என்றேன். "ஓ," என்றார். மறுபடி பஞ்சை எடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செல்வி ஓட்டலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்க வைத்த பிறகுதான் சொன்னாள்.

"ஒரு வீட்டக் கொடுத்தா சுவருன்னு நெனைக்கீங்க. சரி, அது ஒங்க தொழிலு. ஒரு பிள்ளையக் கொடுத்தா அதையும் சுவருன்னா நெனைப்பீங்க?"

குரங்கும் மண்ணெண்ணெயும்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். குழந்தைகளுக்கான கலர் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தும் நான் ஏன் அதை மதிக்கவில்லை? கழுவினால் போகிற கலர் என்று மகள் சொன்னாள். அதனால்தான் மதிக்கவில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் பக்கம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் போடுவார்கள். காளி, குறவன், குறத்தி, போலீஸ், கரடி என்று தெருவே ஆள் மாறிவிடும். எனக்கு ஒரு தடவை விஷக்காய்ச்சல் வந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாள். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் அது. எனக்குக் குரங்கு வேஷம் வந்தது.

கடைக்குப் போனால் உப்பு வேண்டும் என்று கேட்க வாய் வராத பையன் நான். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பேன். கூட்டம் குறைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்ப்பார். பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன்.

வேஷம் போட்டுவிட்ட அண்ணன் சாயப்பொடியை எண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பினார். "எத்தன நாளு வேர்த்தாலும் போகாதுல்ல. இது நான் போட்ட வேசம்," என்று பெருமையாகச் சொன்னார்.

அன்று அதே கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். தொங்கிய தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்று, தோலைக் கடைக்காரர் மடியில் போட்டுவிட்டுக் கிரீச்சென்று கத்தினேன். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு பழம் கொடுத்தார். வாய் திறந்தது குரங்கு. நான் உள்ளே பத்திரமாக இருந்தேன்.

தசரா முடிந்தபின் சாயம் போகவில்லை. மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தார்கள். பல நாள் முகம் எரிந்தது. ஆனால் பாருங்கள், குரங்கு எனக்கு நன்றாக நினைவிருந்தது, மண்ணெண்ணெய் மறந்துவிட்டது. என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

அப்புறம் வந்த தொழிலும் அப்படி. முதல் மழையில் கலர் போனால் வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. போகாமல் நிற்பதுதான் நல்ல வேலை என்று முப்பது வருஷம் கையில் ஏறிப்போன பாடம். அதை ஒரு குழந்தையின் முகத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பவுடர்கூட வேண்டாம்

முகம் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. தழும்பு இல்லை. புருவமும் மெல்ல முளைத்தது.

ஆனால் பவுடர் டப்பாவைத் திறந்தாலே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொட்டு வைக்க விடவில்லை. செல்வி கெஞ்சினால், "வேண்டா. ஒட்டும்," என்பாள்.

பூச்சு நின்றதோடு விளையாட்டும் நின்றுவிட்டதை நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தோம். கண்டக்டர் வரவில்லை. பல்லி பேசவில்லை. ஓமனச் சேச்சியின் பூனை தைரியமாக எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. தர்ஷினி நாள் முழுக்க தர்ஷினியாகவே இருந்தாள். எதையோ யோசித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். என்னை நேராகப் பார்த்துப் பேசினாலும், நான் கையை நீட்டினால் தலையைச் சற்றே பின்னால் இழுத்துக்கொண்டாள். முன்பு ஒரு தடவை சாரத்திலிருந்து விழுந்து எனக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கிறது. இது அதைவிட அதிகமாக வலித்தது.

மூக்கு பொய் சொல்லாது

மகள் கேட்ட அந்தக் கலரைத் தேடிக் கடைவீதியான சாலைத் தெருவுக்குப் போனேன்.

முதலில் நடைபாதையில் ஒருவர். பெட்டிமேல் பளபளவென்று ஒரு குழந்தை படம். திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். ரோஜா வாசனை. அந்த ரோஜாவுக்குப் பின்னால் இன்னொரு வாசனை ஒளிந்திருந்தது. தின்னர் வாசனை எனக்குத் தெரியாதா? நகத்தில் கொஞ்சம் தேய்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அசையவில்லை.

"குட்டிகளுக்கு உள்ளது தன்னே அண்ணா. படம் நோக்கு."

"படத்துல கொழந்த இருந்தாப் போதுமா? எங்க பெயின்ட் டப்பாவுல ஒரு குடும்பமே சிரிச்சிட்டு நிக்கி," என்றேன். நானா இவ்வளவு பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது பெரிய ஃபேன்சி கடை. உள்ளே முழுக்கப் பெண்கள். வளையல், கிளிப், பொட்டு. வாசலில் நின்றேன். மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி வானத்தைப் பார்த்தேன். மழை இல்லை. கூட்டம் குறையட்டும் என்று பழைய உப்புக் கணக்கில் நின்றுகொண்டிருந்தபோது, கடையில் இருந்த பெண் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, எந்தா வேண்டே?"

"மேக்கப் பெட்டி."

"ஆர்க்கா?"

"எனக்கு," என்று சொல்லிவிட்டேன்.

கடை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அண்ணாச்சிக்குச் சேருற கலர் எடுக்கட்டே?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து விஷயம் வேறு என்று புரிந்துகொண்டாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அவள் எடுத்துக் காட்டியது சின்னத் தகரப் பெட்டி. பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் மாதிரி எட்டு வட்டம், ஒரு ஸ்பாஞ்சு, ஒரு பிரஷ். பெட்டியில் ஆங்கிலத்தில் இருந்ததை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். குழந்தைகள் தோலுக்குச் சோதித்துப் பார்த்தது. வாசனை சேர்க்காதது. இத்தனை வயதுக்கு மேல், இன்ன தேதிக்குள். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம், வாயில் வேண்டாம். முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து முகத்தில் போட வேண்டும்.

"கழுவினாப் போகுமா?"

"வெறும் வெள்ளம் மதி அண்ணாச்சி."

அங்கேயே கையில் தடவித் தண்ணீர் விட்டுக் காட்டினாள். ஒரே ஊற்றில் கலர் ஓடிப்போனது. முப்பது வருஷமாக எந்தக் கலரைக் கேவலம் என்று நினைத்திருந்தேனோ, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முழங்கை மடிப்பில் ஒரு சாம்பிள்

எங்கள் தொழிலில் வீட்டுக்காரர் ஒரு நிறம் சொன்னால் உடனே முழுச் சுவரிலும் அடித்துவிட மாட்டோம். மூலையில் ஒரு சதுரம் அடித்து ஒரு நாள் விடுவோம். பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும், டியூப்லைட்டிலும் பார்க்க வேண்டும். சுவருக்குச் செய்த மரியாதையை நான் மகளுக்குச் செய்யவில்லை. இந்த முறை செய்தேன். என் முழங்கை மடிப்பில் நீலமாக ஒரு சதுரம். அங்கேதான் எனக்குத் தார்ப்பாய் இல்லாத தோல் இருக்கிறது.

சோறு போடும்போது செல்வி பார்த்துவிட்டாள்.

"என்னது இது?"

"சாம்பிள்."

"இனிமே இந்த வீட்டுல மூஞ்சிக்குக் கலர் கெடையாதுன்னு சொன்னேம்லா?"

"அவ மூஞ்சிக்கு இல்ல. என் மூஞ்சிக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கிறுக்கு," என்றாள். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஓமனச் சேச்சியிடம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

தர்ஷினியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை டிவி பக்கத்தில் வைத்தேன். மூன்று நாள் அதைச் சுற்றிப் போனாளே தவிரத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை வைத்துக்கொண்டு என் முகத்தில் நானே ஒரு பஸ் வரையத் தொடங்கினேன். சுவரில் ஒரே இழுப்பில் நேர்க்கோடு போடுகிறவன்தான், கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் கை எல்லாப் பக்கமும் போகிறது.

பின்னால் வந்து நின்றாள்.

"அய்யே. டயரு காதுல நிக்குது."

"வரல மக்கா."

"பிரஷை அப்படியா பிடிக்கிறது? தா இங்க."

அரசு பஸ் சிவப்பும் மஞ்சளுமாக என் முகத்தில் வந்தது. வாய்தான் கதவு. "வாயத் தொற, ஆளு எறங்கணும்," என்றாள். திறந்தேன். "மதி, மூடு. டபுள் பெல்!" என்று என் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார்! அடுக்களையில் செல்வியின் கத்தி நின்றுபோனது எனக்குக் கேட்டது.

முடிந்ததும் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தன் கையால் தண்ணீர் ஊற்றினாள். சிவப்பும் மஞ்சளும் ஓடிச் சாக்கடையில் போவதைக் குனிந்து பார்த்தாள். என் கன்னத்தைக் கிள்ளி இழுத்து, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள்.

"இன்னொரு பிராவசியம்," என்றாள். மறுபடி அடித்தாள், மறுபடி கழுவினாள். முதல் இரண்டு ஞாயிறும் அவளுக்குக் கழுவுவதுதான் விளையாட்டு.

மேக்கப் வாங்கிக் கொடுத்தால் பெண்பிள்ளை அழகைப் பற்றியே நினைக்க ஆரம்பித்துவிடுவாள் என்பது செல்வியின் பழைய பயம். என்னிடமும் வேலை இடத்தில் இரண்டொருவர் அதையே கேட்டார்கள். அவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வேன். என் மகள் என்னை ஒருநாள்கூட அழகாக்கவில்லை. பஸ் ஆக்கினாள், பேயாக்கினாள், அழுகின மாம்பழம் ஆக்கினாள். பெரியவர்கள் மேக்கப் போடுவது தன்னையே இன்னும் கொஞ்சம் நன்றாகக் காட்ட. குழந்தை போடுவது வேறு ஆளாக. அதுவும் ஒரே ஆளாக இருக்க அல்ல. புலி முடிந்தால் கண்டக்டர், கண்டக்டர் முடிந்தால் பேய். ஒன்று போனால்தான் அடுத்தது வர இடம் இருக்கும். வீட்டுச் சுவரின் கலர் நிற்க வேண்டும். பிள்ளையின் கலர் போக வேண்டும். படிக்காத எனக்கு இதைப் புரிந்துகொள்ள இவ்வளவு நாளாயிற்று, அதற்கு விலை கொடுத்தது ஒரு பிள்ளையின் புருவம்.

கதவைத் திறந்தேன்

சரி. ஸ்டீபன் அண்ணன் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அவள் கையில் கொடுத்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

"ஏசுவே!" என்று ஸ்டீபன் அண்ணன் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். "என்னடே இது? மூஞ்சிய யாருக்குடே கான்ட்ராக்டு விட்ட?"

"மகளுக்கு."

"தொடச்சிட்டு வாடே, சாரு வாறாரு."

சார் வந்தேவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை, ஏதோ ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். என் நீல நெற்றியையும் பச்சை மூக்கையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதாணோ தன்டே பெயின்டர்?"

"நல்ல வேலைக்காரன் சார். இன்னைக்கு மட்டும் இப்படி..." என்றவர் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "தொடைடே!"

"வேல முடியல அண்ணே. ஒரு கன்னம் பாக்கி இருக்கு."

எனக்குப் பின்னால் பெரிய சட்டை ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

சார் தமிழும் மலையாளமும் கலந்து தன் சுவரைப் பற்றிச் சொன்னார். மூன்று தடவை அடித்தும் பொரிந்து பொரிந்து விழுகிறதாம். "ஒரு கோட்டு வாட்டர்ப்ரூஃப் போட்டாத் தீர்ந்தது சார்," என்றார் ஸ்டீபன் அண்ணன். இதுவரை இந்த மாதிரி இடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். பேசுவது அவர், அடிப்பது நான்.

"தீராது சார்," என்றது பச்சை மூக்கு.

ஸ்டீபன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கல்லாப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"கடல் உப்பு உள்ள ஏறியிருக்கும் சார். மேல எத்தன அடிச்சாலும் தள்ளிவிடும். பழசைச் சுரண்டணும். கழுவணும். அப்புறம் சும்மா விடணும். நல்லாக் காயாம நான் பிரஷ் வைக்க மாட்டேன்."

"எத்தர நாள்?"

"அதைச் சுவருதான் சார் சொல்லணும்."

"சுவரு பேசக் கூடாது!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சார் குடையை ஊன்றிக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். ஸ்டீபன் அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். மாடியிலிருந்து ஓமனச் சேச்சியின் சிரிப்புச் சத்தம் தனியாகக் கேட்டது.

"மோள் வேல தீர்க்கட்டே. ஞான் இவிட இருக்காம்," என்று சார் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாளிமேல் போய் உட்கார்ந்தேன். இடது கன்னம் சிவப்பு. அவசரமே இல்லாமல் அடித்தாள். ஓரத்தில் பிரஷைத் திருப்பி நுனியால் இழுத்தாள். அது நான் ஜன்னல் ஓரத்தில் செய்வது, எப்போது பார்த்தாளோ தெரியவில்லை.

"கழிஞ்ஞு. முடிஞ்சுது."

எழுந்திருக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுத்து என் மடியில் சாய்த்து வைத்தாள். கறுப்பில் விரலைத் தொட்டாள். மூக்கு நுனியில் ஒரு புள்ளி வைத்தாள்.

உடனே குழாயடிக்கு ஓடினாள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தாள். புள்ளி இல்லை. மறுபடி வைத்தாள். மறுபடி ஓடினாள். மூன்று தடவை. அடுக்களை வாசலில் செல்வி கையில் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

நாலாவது தடவை ஓடவில்லை. புள்ளிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று மீசை இழுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பல் விழுந்த வாயை அகலத் திறந்து உறுமினாள்.

சுவர் பேசக் கூடாது. நான் பேசவில்லை. வாளியோடு பின்னால் சாய்ந்து பயந்தேன்.